சென்னை – யாழ்ப்பாணம்: வான்வழித் தூரமும் பறப்பு நேரமும்

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்துக்கும் இடையிலான வான்வழித் தூரம் ஏறத்தாழ 355 கிலோமீட்டர் ஆகும். இரண்டும் 80 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டி அமைந்தவை. எனவே இப்பாதை சோழமண்டலக் கரையை ஒட்டி நேர் தெற்காகச் சென்று பாக்கு நீரிணையைக் கடக்கிறது. இத்தூரம் என்றும் மாறியதில்லை. பயணத்துக்கான நேரமோ காலத்துக்குக் காலம் பெரிதும் மாறியுள்ளது.

தொடக்கம்

பலாலி விமானத்தளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படையால் அமைக்கப்பட்டது. 1947 டிசம்பர் 10 அன்று எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் கொழும்பை அடுத்த இரத்மலானையில் புறப்பட்டு, காங்கேசன்துறை வழியாகச் சென்னையை அடைந்தது. காங்கேசன்துறை எனப்பட்டது பலாலித் தளமே. அந்த டக்கோட்டா விமானம் மணிக்கு ஏறத்தாழ 270 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கக்கூடியது. அவ்வேகத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும்.

இடைவெளி

எயர் சிலோன் 1970களின் இறுதியில் மூடப்பட்டது. போர் தொடங்கியபின் பலாலி முழுமையான படைத்தளமாயிற்று. 1990இல் சுற்றியிருந்த வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்களது காணிகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடங்கின.

சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் செல்வோர் கட்டுநாயக்காவுக்கு ஏறத்தாழ 650 கிலோமீட்டர் பறந்து, பின்னர் தரைவழியாக 350 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே திரும்பி வர வேண்டியிருந்தது. மொத்தம் ஆயிரம் கிலோமீட்டர். நேர்வழியைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. தரைப்பயணம் மட்டுமே ஏழெட்டு மணி நேரம். போரில் பாதை அடைபட்ட காலங்களில் அதுவும் இல்லை. செத்தவீட்டுச் செய்தி கேட்டுப் புறப்படுபவர் முகம் பார்க்க முடியாமற் போவதற்கு இச்சுற்றுவழியே போதுமானதாயிருந்தது.

மீண்டும் நேர்வழி

2019 அக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் அலையன்ஸ் எயர் சென்னைச் சேவையைத் தொடங்கியது. கொரோனாத் தொற்றால் 2020இல் நின்ற சேவை 2022 டிசம்பர் 12இல் மீண்டது. 2024 செப்டம்பர் 1 முதல் இண்டிகோவும் இப்பாதையில் பறக்கத் தொடங்கியது.

இரு நிறுவனங்களும் பயன்படுத்தியவை ஏடிஆர் 72 வகை விமானங்கள். இவற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர். அவ்வேகத்தில் முக்கால் மணி நேரமே போதும். ஆனால் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லல், மேலேறல், இறங்கல் ஆகியவற்றையும் சேர்த்து, கால அட்டவணைகளில் ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கப்படுகிறது.

பெரிய ஜெட் விமானங்கள் வர ஓடுபாதை நீள வேண்டும். அதற்குக் காணி வேண்டும். அயலில் காணி இழந்தவர்களோ தம் நிலத்தைத் திருப்பிக் கேட்டு நிற்கின்றனர். இப்பாதையின் எதிர்காலத்தைப் பேசும்போது அவர்கள் உரிமையையும் சேர்த்தே பேச வேண்டியுள்ளது.