ஃபிக்ஸட் கியர் சைக்கிள்: உதிரிபாகப் பொருத்தம்

பின்சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழலும் ஒற்றைக் கியர் வண்டி. இதன் பின்பல்சக்கரத்துக்கும் சாதாரண ஃப்ரீவீலுக்கும் ஒரே மரைதான் (1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 புரி); ஏமாற்றுவதும் அதுவே. ஃப்ரீவீல் ஹப்பில் பல்சக்கரம் ஒழுங்காக ஏறிவிடும். வேகத்தைக் குறைக்கப் பின்னோக்கி அழுத்தினால் கழன்றுவிடும். அதைப் பிடித்துவைக்கும் இடமரைப் பூட்டு வளையத்துக்கு டிராக் ஹப்பில்தான் இடமுண்டு. டிராக் ஹப்பின் அகலம் பொதுவாக 120 மி.மீ.; பழைய சாலைப் பந்தய ஃபிரேம்களில் 126 அல்லது 130. 1/8 அங்குலச் செயின் 3/32 பல்லிலும் ஓடும். மாற்றிப் போட்டால் உட்காராது. செயின் தொய்வை எடுக்க, அச்சை முன்பின் நகர்த்தும் நீள்பள்ளம் ஃபிரேமில் தேவை. 48–16 பற்களைத் தவிர்ப்பது நல்லது: ஒரே காலை முன்வைத்துச் சறுக்கி நிறுத்துபவருக்கு டயர் ஒரே இடத்தில் தேயும், 47–16 எனில் தேய்மானம் 16 இடங்களுக்குப் பரவும்.