கூடையன்று, மனிதர்

மனநோயாளரைக் காவலில் வைப்பதே பராமரிப்பு எனப் பலரும் எண்ணியிருந்த காலம் அது. அமெரிக்காவின் பால்டிமோரில் மருத்துவர் அடால்ஃப் மேயருடன் பணியாற்றிய எலினர் கிளார்க் ஸ்லேகிள் அம்மையார், 1915இல் சிகாகோவில் தொழில்வழிச் சிகிச்சைப் பள்ளியை நடத்தத் தொடங்கினார். மாணவர் கைத்தொழில்களைக் கற்றனர். ஆயினும் முடைந்த கூடையன்று, முடைபவர் மீண்டும் பெறும் நாளொழுங்கே நோக்கம். உழைப்பு, விளையாட்டு, ஓய்வு, உறக்கம் ஆகிய நான்கின் சமநிலையே நலவாழ்வு என மேயர் 1922இல் எழுதினார். இவையே இக்கல்வியின் அடிப்படைகளாயின.

நாசரேத்துத் தச்சரை வணங்கும் நமக்கு இப்பாடம் அந்நியமன்று. இல்லத்து நோயாளிக்கு அனைத்தையும் நாமே செய்து முடிப்பதை அன்பெனக் கருதுகிறோம். அவரால் இயலும் சிறு பணியை அவர் கைகளிலேயே விட்டுவைத்துப் பொறுமையுடன் காத்திருப்பது அதனினும் பேரன்பு.