சுருதிப்பெட்டியும் அரை யூரோகார்டும்

போன தீபாவளிக்கு கும்பகோணம் போயிருந்தப்ப அத்தை பிடிச்சுக்கிட்டாங்க. "டேய், நீ பண்ணிக் குடுத்த பொட்டி கரகரங்குதுடா. பஞ்சமம் வருது, சட்ஜமத்தைக் காணோம். பாட்டு கத்துக்க வர்ற பிள்ளைங்க எல்லாம் சிரிக்குது."

2016ல, காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கும்போது நான் செஞ்ச சுருதிப்பெட்டி அது. உள்ளே பெருசா ஒண்ணும் கிடையாது. ஒரு 40106 ஐசி, அதுல மூணு ஓசிலேட்டர் (ச, ப, மேல் ச), ஒரு எல்எம்386, ஒரு ஸ்பீக்கர். அத்தையோட அஞ்சரைக் கட்டைக்கு திருகி வைக்க மூணு பாட். ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின காப்பர் அட்டை, லேசர் பிரிண்ட், அம்மாவோட இஸ்திரிப்பெட்டி, பெரிக் குளோரைடு. (பக்கெட் மஞ்சளானதுக்கு வாங்கின திட்டு இன்னும் காதுல இருக்கு.) பொட்டியைத் திறந்து பார்த்தா, ஒரு பாட்டுக்குக் கீழ காப்பர் ட்ராக் பெயர்ந்து தொங்குது. வருஷக்கணக்கா திருகித் திருகி ஆடிப்போயிருக்கு. ஒட்டுப்போட்டு சமாளிக்கலாம், ஆனா எத்தனை நாளைக்கு? போர்டையே புதுசா போட்டுடலாம்னு முடிவு பண்ணினேன்.

அப்பதான் வயித்துல புளி கரைச்சுது. அந்த டிசைன் ஃபைல் எங்கே? இருந்தாலும் இன்னிக்கு எதுல திறக்கும்?

'பொழுதுபோக்கா சின்தசைசர், எஃபெக்ட்ஸ் பெடல் எல்லாம் செய்யணும், எந்த பிசிபி மென்பொருள் எடுக்கலாம்'னு என்னைக் கேக்குறவங்க எல்லாம் எதுல ஆட்டோரௌட்டர் நல்லாருக்கு, எதுல லைப்ரரி ஜாஸ்தின்னுதான் ஆரம்பிப்பாங்க. நானும் அப்படித்தான் இருந்தேன். இப்ப வேற மாதிரி தோணுது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. ஆணி புடுங்குற நேரம் போக மிச்ச நேரத்துல எழுதுறேன், நீளமா இருந்தா பொறுத்துக்கங்க மக்களே.

கொசுவத்தியைக் கொஞ்சம் பின்னாடி சுத்துவோம்.

பிசிபின்னு நாம சொல்ற இந்த பச்சை அட்டைக்குத் தந்தைன்னு பால் ஐஸ்லரைச் சொல்வாங்க. 1907ல வியன்னாவுல பிறந்த யூதர். 1936ல இங்கிலாந்துக்குப் போயிட்டார். வயரை ஒவ்வொண்ணா சால்டர் பண்றதுக்குப் பதிலா, செப்புத் தகட்டுல வேண்டாத இடத்தை அரிச்சு எடுத்துட்டா மிச்சம் இருக்கிறதே வயர்னு யோசிச்சு, 1943ல காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டார். நான் பக்கெட்ல பண்ணினதும் அதே வேலைதான்.

சரி, எதை அரிக்கணும், எதை விடணும்னு படம் வரையணுமே? கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடி அது கைவேலை. பாலியஸ்டர் ஃபிலிம் மேல கறுப்பு டேப்பை வெட்டி வெட்டி ஒட்டணும். நிஜ அளவை விட ரெண்டு மடங்கு, நாலு மடங்கு பெருசா ஒட்டி, அதை போட்டோ எடுத்து சின்னதாக்குவாங்க. ஒரு டேப் கோணலாச்சுன்னா பிரிச்சு மறுபடி ஒட்டணும். கன்ட்ரோல் இசட் கிடையாது :)

அந்தக் காலத்து இசை எலக்ட்ரானிக்ஸ் ஆசாமிகளுக்கு பத்திரிகைகள்தான் கதி. அமெரிக்காவுல பெர்னி ஹட்சின்ஸ் 1972ல எலக்ட்ரோநோட்ஸ் ஆரம்பிச்சார். எலெக்டர் பத்திரிகை 1977ல ஃபார்மன்ட்னு ஒரு முழு சின்தசைசரையே தொடரா போட்டுச்சு. இந்த மாதிரி பத்திரிகைகள்ல போர்டோட செப்புப் படத்தை நிஜ அளவுலயே அச்சடிப்பாங்க. அதைப் பார்த்து அட்டை போட்டுக்க வேண்டியதுதான். இதை ஞாபகம் வெச்சுக்கங்க, கடைசியில திரும்ப வருவேன்.

இப்ப இன்னொரு வியன்னாக்காரர். ஜோசப் கெர்பர், 1924ல பிறந்தவர். நாஜிகள்கிட்ட அப்பாவைப் பறிகொடுத்துட்டு, 1940ல அம்மாவோட அமெரிக்காவுக்குத் தப்பி வந்தார். இன்ஜினியரிங் படிக்கும்போது பைஜாமாவோட எலாஸ்டிக்கை உருவி அதுல கோடு போட்டு, இழுத்தா நீளுற ஸ்கேல் ஒண்ணு செஞ்சார். 1948ல அதை வெச்சே கம்பெனி ஆரம்பிச்சார். (நம்ம காலேஜ்ல பைஜாமா எலாஸ்டிக்கை உருவினா வார்டன்தான் வருவார்.) அந்தக் கம்பெனி பின்னாடி ஃபோட்டோபிளாட்டர்னு ஒரு மெஷின் செஞ்சுது. ஃபிலிம் மேல ஒரு விளக்கு நகர்ந்து நகர்ந்து வெளிச்சத்தாலயே படம் வரையும். அதுக்குக் குடுக்குற கட்டளைதான் கெர்பர் ஃபைல். டி01 போட்டா விளக்கு எரிஞ்சபடி நகரும். டி02னா அணைச்சுட்டு நகரும். டி03னா நின்ன இடத்துல ஒரு பளிச். அம்புட்டுதான்.

அந்த விளக்கு மெஷின் எல்லாம் எப்பவோ மியூசியத்துக்குப் போயாச்சு. ஆனா இன்னிக்கும் சீனாவுக்கு போர்டு ஆர்டர் பண்ணினா நீங்க அனுப்புறது கெர்பர் ஃபைல்தான். அதனால எந்த மென்பொருள்ல வரைஞ்சாலும் போர்டு போட்டுத் தரும் கடைக்காரருக்குக் கவலை இல்லை.

'அப்புறம் என்னய்யா, கெர்பரைப் பத்திரமா வெச்சா போதுமே'ம்பீங்க. அங்கதான் சிக்கல். கெர்பர் வெறும் படம். எது ரெசிஸ்டர், எந்த கால் எந்த காலோட சேருது, எதுவும் அதுக்குத் தெரியாது. அதே போர்டு அப்படியே வேணும்னா போதும். பாட்டை ரெண்டு மில்லிமீட்டர் தள்ளணும், பேடைப் பெருசாக்கணும்னா கெர்பரை வெச்சுக்கிட்டு மல்லுக்கட்டணும். இட்லியைக் குடுத்து மாவைத் திருப்பிக் கேக்குற கதை. எனக்கு வேண்டியது மாவு. ஸ்கீமாடிக்கும் லேஅவுட்டும் இருக்கிற மூல ஃபைல்.

அந்த மூல ஃபைல் ஒவ்வொரு மென்பொருளுக்கும் வேற வேற. இங்கதான் கழுகு பறந்து வருது.

1988ல ஜெர்மனியில கேட்சாஃப்ட்னு ஒரு சின்ன கம்பெனி ஈகிள்னு ஒரு மென்பொருளை வெளியிட்டுச்சு. டாஸ்ல ஓடும். ஈகிள்ங்கிறது பறவை இல்லை, 'எளிதா பயன்படுத்தக்கூடிய வரைபட லேஅவுட் எடிட்டர்'ங்கிறதோட ஜெர்மன் சுருக்கம். எளிதுன்னு சொன்னவரை நான் தேடிக்கிட்டு இருக்கேன். மத்த மென்பொருள்ல பொருளைத் தொட்டுட்டு என்ன செய்யணும்னு சொல்வோம். இதுல முதல்ல வேலையைச் சொல்லிட்டு அப்புறம் பொருளைத் தொடணும். பழகினா கை தானா போகும், பழகுற வரைக்கும் கண்ணீர்தான்.

ஆனா அதுல இலவசப் பதிப்பு ஒண்ணு இருந்துச்சு. போர்டு 100க்கு 80 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும், ரெண்டு லேயர், ஒரே ஒரு ஸ்கீமாடிக் பக்கம். அந்த 100க்கு 80 எங்கிருந்து வந்துச்சு? ஐரோப்பாவுல தொழிற்சாலை எலக்ட்ரானிக்ஸ் ரேக்குல செருகுற அட்டைக்கு யூரோகார்டுன்னு ஒரு நிலையான அளவு உண்டு, 100க்கு 160. அதுல பாதி.

இப்ப இசைப் பக்கம் வாங்க. 1995-96ல டைட்டர் டோப்ஃபர்னு இன்னொரு ஜெர்மன்காரர் ஏ-100னு ஒரு மாடுலர் சின்தசைசர் கொண்டு வந்தார். தனியா ஒரு பெட்டி வடிவமைக்காம, அதே தொழிற்சாலை ரேக்கையே எடுத்துக்கிட்டார். உயரம் 3யூ, பேனல் 128.5 மில்லிமீட்டர். அகலம் எச்பி கணக்கு, ஒரு எச்பி 5.08 மில்லிமீட்டர். இதைத்தான் இன்னிக்கு உலகம் பூரா யூரோராக்ங்கிறாங்க.

ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. 100 மில்லிமீட்டர் உயர அட்டை 3யூ பேனலுக்குப் பின்னாடி ஜம்முனு உட்காரும். 80 மில்லிமீட்டர் அகலம்னா சுமார் 15 எச்பி. ஒரு ஓசிலேட்டர், ஒரு ஃபில்டர், ஒரு என்வலப் எல்லாம் அதுக்குள்ள தாராளமா அடங்கும். ஒரே ரேக்குக்குப் பிறந்த ரெண்டு அளவுகள், ஒண்ணு இலவச மென்பொருளோட எல்லையா, இன்னொண்ணு இசைக்கருவியோட உயரமா வந்து சந்திச்சிருக்கு. ஹாபி சின்தசைசர்காரங்ககிட்ட ஈகிள் ஒட்டிக்கிட்டதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன். அதோட அர்டுயினோ போர்டுகளோட ஃபைல்களும் ஈகிள்லதான் வெளிவந்துச்சு. ஊரே ஒரு பஸ்ல ஏறினா நாமளும் அதுலதானே ஏறுவோம்.

2012ல ஈகிள் ஆறாவது பதிப்புல அமைதியா ஒரு பெரிய காரியம் நடந்துச்சு. அதுவரைக்கும் ஈகிள் ஃபைல் பைனரி, ஈகிளைத் தவிர வேற யாருக்கும் புரியாது. ஆறுலேர்ந்து எக்ஸ்எம்எல். நோட்பேடுல திறந்தாக்கூட எந்த ட்ராக் எங்க போகுதுன்னு படிக்கலாம். எப்படி எழுதப்பட்டிருக்குங்கிற விவரத்தையும் கூடவே குடுத்தாங்க. பிரான்சோட மியூட்டபிள் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ், எமிலி ஜில்லே நடத்தினது, தன்னோட யூரோராக் மாடுல்களோட ஈகிள் ஃபைல்களைத் திறந்த உரிமத்துல எல்லாருக்கும் குடுத்துச்சு. 2022ல கடையை மூடியாச்சு, ஆனா அந்த மாடுல்களை இன்னமும் யார் யாரோ செஞ்சுக்கிட்டு இருக்காங்க. ஃபைலைப் படிக்க முடியுதுங்கிறதாலதானே?

அப்புறம் வந்துச்சு கண்டம். ஈகிள் 2009லயே ப்ரீமியர் ஃபார்னெல் கைக்குப் போயிருந்துச்சு. 2016 ஜூன்ல ஆட்டோடெஸ்க் வாங்கினாங்க. 2017 ஜனவரியில, ஒருதடவை காசு கட்டி வாங்குற முறை போய் சந்தா முறை வந்துச்சு. ஹாபிக்காரங்க கொதிச்சுப்போனாங்க. இலவசப் பதிப்பு தொடர்ந்துச்சுதான், ஆனா 'நாளைக்கு இதுவும் போயிட்டா என் ஃபைலை நானே திறக்க முடியாதா'ங்கிற பயம் வந்துடுச்சு. பயம் வீண் போகலை. 2026 ஜூன் 7 தான் ஈகிளோட கடைசி நாள்னு 2023ல அறிவிச்சாங்க. இனி எல்லாம் அவங்களோட ஃப்யூஷனுக்குள்ளதான்.

கொதிச்சவங்க எங்க போனாங்க? 1992ல பிரான்ஸ்ல க்ரெனோபிள் பக்கத்துல பாடம் நடத்திக்கிட்டிருந்த ஜான்-பியர் ஷராஸ், தானே கிகேட்னு ஒண்ணு எழுத ஆரம்பிச்சார். மூல நிரலோட, கட்டற்ற மென்பொருள். ரொம்ப வருஷத்துக்கு அது முரட்டுக் குதிரைதான். ஸ்கீமாடிக்லேர்ந்து நெட்லிஸ்ட்டைக் கையால எழுதி, லேஅவுட்ல கையால படிக்க வைக்கணும். அப்புறம் ஜெனீவா பக்கத்துல இருக்கிற செர்ன் உள்ள வந்துச்சு. அணுத்துகளை மோதவிடுறாங்களே, அவங்களேதான். போர்டு டிசைனைத் திறந்து குடுத்தாலும் அதைத் திறக்க லட்சக்கணக்குல லைசென்ஸ் வாங்கணும்னா அது என்ன திறந்த டிசைன்? அந்த யோசனையில 2013லேர்ந்து கிகேட்ல ஆள் போட்டு வேலை செஞ்சாங்க. ஒரு ட்ராக்கை இழுத்தா மத்ததெல்லாம் ஒதுங்கி வழிவிடுற ரௌட்டர் அவங்க தந்ததுதான். 2018ல வந்த கிகேட் 5, ஈகிளோட எக்ஸ்எம்எல் ஃபைல்களை நேரா உள்ள எடுத்துக்கிச்சு. பழைய பைனரியை இல்லை, எக்ஸ்எம்எல்லை.

இப்ப கும்பகோணம். பழைய ஹார்டு டிஸ்க்கைத் துழாவினதுல ரெண்டு ப்ராஜக்ட் கிடைச்சுது. ஒண்ணு அத்தையோட சுருதிப்பெட்டி, ஈகிள் 7ல வரைஞ்சது. இன்னொண்ணு கடைசி வருஷம் நான் செஞ்ச லேடர் ஃபில்டர். என் வாழ்க்கையிலேயே நான் பெருமைப்படுற சர்க்யூட் அதுதான். அதை வரைஞ்சது போர்டு போட்டுத் தர்ற ஒரு கம்பெனி இலவசமா குடுத்த மென்பொருள்ல. படு சுலபமா இருந்துச்சு, ஒரு ராத்திரியில முடிச்சேன். கெர்பர் கூட வெளிய எடுக்க விடாது, அவங்ககிட்டயேதான் ஆர்டர் பண்ணணும். அன்னிக்கு அது ஒரு குறையாவே தெரியலை.

சுருதிப்பெட்டி ஃபைல் கிகேட்ல திறந்துச்சு. ட்ராக் எல்லாம் அங்கங்கயே இருந்துச்சு. கிரவுண்ட் செம்பை மறுபடி நிரப்பி, பாட்டுக்கு பேடைப் பெருசாக்கி, ஆடாம இருக்க பக்கத்துலயே ரெண்டு ஸ்குரூ ஓட்டை வெச்சேன். அஞ்சு போர்டு வந்திறங்குச்சு.

ஃபில்டர் ஃபைல் திறக்கலை. அந்த மென்பொருள் என் புது லேப்டாப்புல ஓட மாட்டேங்குது. வேற எதுவும் அந்த ஃபைலைத் தொட மாட்டேங்குது. போர்டும் கையில இல்லை, ஒரு நண்பனுக்குக் குடுத்து அது எங்கயோ போச்சு. மிச்சம் ஒரு மங்கலான போட்டோவும், ரெக்கார்டு நோட்டுல பேனாவால வரைஞ்ச ஸ்கீமாடிக்கும். அந்த நோட்டை வெச்சுத்தான் இப்ப திரும்ப வரைஞ்சுக்கிட்டு இருக்கேன். எலக்ட்ரோநோட்ஸ், ஃபார்மன்ட் எல்லாம் இன்னிக்கும் செய்ய முடியுதுன்னா அதுவும் காகிதத்துல இருக்கிறதாலதான்.

அதனால கேக்குற தம்பிகளுக்கு நான் சொல்றது இதுதான். ரௌட்டர், லைப்ரரி எல்லாம் ரெண்டு மாசத்துல பழகிடும். முதல்ல சேவ் பண்ணின ஃபைலை நோட்பேடுல திறந்து பாருங்க. படிக்கிற மாதிரி எழுத்தா இருந்தா நல்லது. கட்டம் கட்டமா குப்பையா இருந்தா யோசிங்க. எதை எடுத்தாலும் மூல ஃபைல், கெர்பர், ஸ்கீமாடிக்கோட பிடிஎஃப் மூணையும் ஒரே ஃபோல்டர்ல போடுங்க. பிடிஎஃப்பை ஒரு தடவை பிரிண்டும் எடுத்து வைங்க. நான் இப்ப கிகேட்லதான் இருக்கேன், ஆனா நாளைக்கு அதுவும் போகலாம். போனாலும் அதோட ஃபைலை யாராவது படிச்சுடுவாங்கங்கிற தைரியம் இருக்கு.

பொங்கலுக்கு புதுப் பொட்டியைக் கொண்டுபோய்க் குடுத்தேன். அத்தை மூணு பாட்டையும் திருகி, கண்ணை மூடி ஒரு நிமிஷம் கேட்டாங்க. "பஞ்சமம் ஒரு நூல் கம்மிடா"ன்னாங்க.

பாட்டைத் திருகுங்க அத்தைன்னேன். அதுக்கு மென்பொருள் கிடையாது.