பனியாறுகளை அளந்த வரலாறு

தென்னாட்டில் பிறந்த நமக்கு, நதி என்றால் அது மழையின் மகள். குடகு மலையில் பருவமழை பெய்தால் காவிரி பெருகும், பொய்த்தால் மெலியும். வடநாட்டின் சிந்து, கங்கை, பிரமபுத்திரை ஆகிய பேராறுகளுக்கோ மழையோடு இமயத்தின் பனியாறுகளும் நீர் ஊட்டுகின்றன. மலைப் பள்ளத்தாக்குகளில் ஆண்டாண்டாய்ப் படிந்த பனி தன் பாரத்தாலேயே இறுகிக் கட்டியாகி, மிக மெதுவாகக் கீழ்நோக்கி நகர்வதையே பனியாறு என்கிறோம். கங்கோத்திரிப் பனியாறு சுமார் 30 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் முனையாகிய கோமுகத்திலிருந்தே பாகீரதி புறப்படுகிறது. இப்பனியாறுகள் தேய்கின்றனவா என்பதை அறியும் முயற்சியில், நம்மிற் பலர் பிழைக்க வந்த பெங்களூருக்கும் பெரும் பங்குண்டு.

முற்காலத்தில் நிலவியல் நிபுணர்கள் கால்நடையாக மலையேறி, பனியாற்றின் முனைக்கருகே பாறையில் குறியிட்டு, பின்னொரு நாள் திரும்பி வந்து அம்முனை எவ்வளவு பின்வாங்கியது என்று அளந்தனர். இம்முறையால் ஒரு சில பனியாறுகளையே அறிய முடிந்தது. ஆயிரக்கணக்கானவற்றை ஒருங்கே காண வானமே வழியாயிற்று.

எலெக்ட்ரானிக் சிட்டியில் வாழும் அன்பர்கள் அந்நகரின் கதையை அறிவர். 1970-களின் பிற்பகுதியில் கியோனிக்ஸ் நிறுவனத்தின் தலைவராயிருந்த ஆர். கே. பாலிகா, கோணப்பன அக்ரகாரம், தொட்டதோகூர் கிராமங்களில் சுமார் 332 ஏக்கர் நிலத்தில் அதற்கு வித்திட்டார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, பெங்களூரின் மற்றொரு கோடியாகிய பீனியாவில், தகரக் கொட்டகைகளில், யு. ஆர். ராவ் தலைமையில் ‘ஆரியபட்டா’ உருவாகி 1975 ஏப்ரல் 19-இல் விண்ணேறியது. 1979-இல் ‘பாஸ்கரா’ தொடர்ந்தது. 1988 மார்ச் 17-இல், நிலவளம் காணும் நம் முதல் செயற்கைக்கோளான ஐ.ஆர்.எஸ். 1ஏ, சோவியத் நாட்டின் பைக்கனூரிலிருந்து செலுத்தப்பட்டது. இமயமும் நம் கண்ணுக்குள் வந்தது.

படத்தில் பனியையும் மேகத்தையும் பிரித்தறிவது எவ்வாறு? கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் இரண்டும் வெண்மையே. ஆயினும் குறிப்பிட்ட அகச்சிவப்பு ஒளியில் பனி கருத்தும் மேகம் வெளுத்தும் தோன்றும். பருவப்பனி பெரிதும் உருகிவிட்ட கோடைக் கடைசியில் எடுத்த படமே கணக்கிற்கு உகந்தது. கல்லும் மண்ணும் மூடிய பனியாற்றின் எல்லையைக் காண்பதுதான் கடினம். அங்கே நிபுணரின் அனுபவமே துணை.

அனில் குல்கர்ணியும் அவருடைய சகாக்களும் 1962-ஆம் ஆண்டு நில வரைபடங்களையும் பிற்காலச் செயற்கைக்கோள் படங்களையும் ஒப்பிட்டு, சீனாப், பார்வதி, பாஸ்பா நதிப்படுகைகளின் 466 பனியாறுகளை ஆராய்ந்தனர். 2,077 சதுர கிலோமீட்டராக இருந்த பரப்பு 1,628 ஆகக் குறைந்திருந்தது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நஷ்டம். இம்முடிவு 2007-இல் வெளியாயிற்று. பின்னர் குல்கர்ணி பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் திவேச்சா மையத்தில் இப்பணியைத் தொடர்ந்தார்.

அதே 2007-இல், 2035-க்குள் இமயப் பனியாறுகள் மறைந்துவிடக்கூடும் என்று ஐக்கிய நாடுகளின் பருவநிலை அறிஞர் குழு ஓர் அறிக்கையில் கூறிவிட்டது. அதற்குத் தக்க ஆதாரமில்லை என்று 2010-இல் அக்குழுவே வருத்தம் தெரிவித்தது. இதைக் கேட்ட சிலர், ஆபத்தே இல்லை போலும் என்று எண்ணினர். அதுவும் தவறே. 1970-களின் அமெரிக்க உளவுப் படங்களைக் கொண்டு 650 பனியாறுகளின் உயரத்தைக் கணித்த ஓர் ஆய்வு 2019-இல் வெளிவந்தது. 2000-க்குப் பிந்தைய தேய்வு அதற்கு முந்தைய கால் நூற்றாண்டைப்போல் இரு மடங்கு என்று அது காட்டியது. பனியாற்றின் முனை அசையாதிருப்பினும் உடல் மெலியக்கூடும். ஆதலால் பரப்போடு கனத்தையும் அளத்தல் வேண்டும்.

உருகிய நீர் மலைமேல் ஏரிகளாகத் தேங்குகிறது. 2024-இல் இஸ்ரோ வெளியிட்ட கணக்கின்படி, 10 ஹெக்டேருக்கு மேற்பட்ட 2,431 ஏரிகளில் 676 ஏரிகள் 1984 முதல் குறிப்பிடத்தக்க அளவு விரிந்துள்ளன. அவற்றுள் 130 இந்திய எல்லைக்குள் உள்ளவை. இதன் பொருளைச் சிக்கிம் மக்கள் 2023 அக்டோபரில் உணர்ந்தனர். தென் லோனக் ஏரி 3-ஆம் தேதி இரவு உடைந்தது. செப்டம்பர் 28-இல் சுமார் 167 ஹெக்டேராக இருந்த ஏரி, அக்டோபர் 4-இல் 60 ஹெக்டேராகச் சுருங்கியிருந்ததை ராடார் படங்கள் காட்டின. தீஸ்தா நதி சுங்தாங்கின் அணையை அடித்துச் சென்றது. பல உயிர்கள் மாண்டன.

அந்த ஏரி வளர்ந்து வந்ததைப் படங்கள் பல்லாண்டுகளாகக் காட்டியே வந்தன. ஆனால் படத்தை வாசிப்பவர் ஓரிடத்தில் இருக்க, ஆற்றங்கரையில் உறங்குபவர் வேறிடத்தில் இருந்தார். அந்த இடைவெளியை எச்சரிக்கை மணியால் நிரப்புவதே இனிச் செய்ய வேண்டிய பணி. வேலையை நாடி வடக்கே சென்ற நம்மவர் பலர் அந்நதிகளின் நீரையே அருந்தி வாழ்கின்றனர். பெங்களூரில் கருவிகளோடு பழகும் நம் இளைஞர்கள் இப்பணிக்கும் தம் அறிவைத் தருவார்களாயின், அந்நீருக்குச் செலுத்தும் நன்றியாக அது அமையும்.