தோலடித் திட்டுச்செல் மாற்று

முதல் வகை நீரிழிவுக்கு, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல் தொகுதிகளான லாங்கர்ஹான்ஸ் திட்டுகளைக் கல்லீரலின் வாயிற்சிரைக்குள் செலுத்துவதே வழக்கமான மாற்று முறை. கனடாவின் எட்மன்டனில் ஜேம்ஸ் ஷபிரோ குழு 2000-இல் வெளியிட்ட ஆய்வில், 7 நோயாளிகளும் இன்சுலின் ஊசியைக் கைவிட்டனர். அதனால் இம்முறை பெயர் பெற்றது. ஆனால் இரத்தம் பட்டவுடன் எழும் அழற்சியில் திட்டுகளில் பெரும்பங்கு அழிகிறது. சிக்கல் நேர்ந்தால் கல்லீரலிலிருந்து அவற்றைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. எளிதில் எட்டக்கூடிய, தேவைப்பட்டால் திறந்து அகற்றக்கூடிய தோலடியே இதைவிடத் தகுந்த இடம்.

அங்கே இரத்த நாளங்கள் குறைவு என்ற ஆட்சேபம் நியாயமானது. கணைய எடையில் 1 முதல் 2 விழுக்காடே உள்ள திட்டுகள், அதன் இரத்தவோட்டத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் பெற்றுப் பழகியவை. ஆயினும் அது தீர்க்கக்கூடிய குறை. அதே குழு 2015-இல் சுண்டெலிகளின் தோலடியில் மெல்லிய நைலான் குழாயைச் சில வாரங்கள் வைத்தது. அந்நியப் பொருளைச் சுற்றி உடல் புது நாளங்களை வளர்த்தது. குழாயை உருவிவிட்டு அந்த இடைவெளியில் திட்டுகளை இட்டபோது, பெரும்பாலான எலிகளுக்குச் சர்க்கரை அளவு இயல்புக்குத் திரும்பியது. மனிதத் தோல் எலித் தோல் அல்ல. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளின் சுமையும் இடம் மாறுவதால் மட்டும் குறையாது. ஆனால் குருத்தணுக்களிலிருந்து திட்டுகளை வளர்க்கும் காலம் வந்துவிட்டது. அவற்றில் கட்டி தோன்றினால் உடனே வெட்டியெடுக்க முடிய வேண்டும். தோலடிக்கு ஆதரவான வலுவான வாதம் இதுவே.