பேதி மருந்தும் மக்கள் மருந்தும்

கண்டி நகருக்கு அணித்தே ஹந்தானை மலை எழுந்து நிற்கிறது. அதன் சரிவுகளில் தேயிலையும், தேயிலைக்கு நடுவே தொழிலாளரின் லயங்களும் உள்ளன. மறுபுறத்து அடிவாரத்தில் பேராதனைப் பல்கலைக்கழகம் பரந்து கிடக்கிறது. ஒரே மலையைப் பகிர்ந்துகொண்ட இவ்விரு உலகங்களையும் தொட்டுச் செல்லும் வரலாறு ஒன்றை நாம் இங்கே ஆராய விரும்புகிறோம். அது குழந்தைகளின் மலச்சிக்கலுக்குத் தரப்படும் மருந்தின் வரலாறு. இதுவும் பேசத்தக்க பொருளா என்று சிலர் முகஞ் சுளிக்கலாம். பெரியோர் பேசக் கூசியதனால் துன்புற்றவர்கள் குழந்தைகளே. ஆதலால் பேசத்தான் வேண்டும்.

நம் வீடுகளில் மூன்று மருந்துகள் வழிவழியாக வழங்கி வந்தன. ஒன்று ஆமணக்கெண்ணெய், மற்றொன்று சிங்கள வைத்தியர் ‘அரலு’ என்று அழைக்கும் கடுக்காய், மூன்றாவது நிலாவாரை. ஒரு நாள் காலை, வெறும் வயிற்றில், குழந்தையின் மூக்கைப் பிடித்து ஆமணக்கெண்ணெயைப் புகட்டுவர். அன்று முழுவதும் வயிறு கழியும். மறுநாள் கஞ்சி. அத்துடன் கடமை முடிந்ததென்று கருதுவர். இம்மருந்துகள் வெறும் மூடநம்பிக்கை அல்ல. அவற்றுக்கு ஆற்றல் உண்டு. ஆயினும் நாட்பட்ட மலச்சிக்கலை ஒரு நாள் பேதி தீர்ப்பதில்லை.

ஏன் தீர்ப்பதில்லை? ஒருமுறை வலியுடன் மலங்கழித்த குழந்தை அடுத்த முறை அஞ்சி அடக்கிக்கொள்கிறது. அடக்கிய மலம் இறுகுகிறது. இறுகியது மேலும் வலிக்கிறது. நாளடைவில் மலக்குடல் விரிந்து, உணர்ச்சியே மங்கிவிடுகிறது. இறுகிய கட்டியைச் சுற்றி நீர்த்த மலம் தானாகக் கசிந்து ஆடையில் படுகிறது. பெற்றோர் அதனை அசுத்தப் பழக்கம் என்றெண்ணிக் குழந்தையை அடிக்கின்றனர். நோயும் தாங்கி, அடியும் தாங்குகிறது குழந்தை! இதற்கு வேண்டுவது முதலில் கட்டியை இளக்கி வெளியேற்றுவதும், பின்னர் மாதக்கணக்கில் மலத்தை மென்மையாக வைத்திருப்பதுமே. மாதக்கணக்கில் மருந்து என்ற உடனே விலை என்ற கேள்வி எழுகிறது. வரலாறு தொடங்குவதும் அங்கேதான்.

கண்டிச் சீமையின் தோட்டங்களுக்கு மருத்துவ வசதி அளிப்பதற்கென 1872இல் ஒரு சட்டம் பிறந்தது. உழைக்கும் கை ஓயக்கூடாது என்பதே அதன் பின்னிருந்த கவலை. 1916இல் அமெரிக்க ராக்பெல்லர் நிறுவனத்தார் கண்டிக்கு வடக்கேயுள்ள மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கினர். புழுவைக் கொல்ல ஒரு மருந்து. கொன்றதை வெளியேற்றப் பேதி உப்பு. கழிப்பிடம் இன்றி மருந்து மட்டும் நிலைத்த பயன் தராது என்று அவ்வியக்கத்தினரே வற்புறுத்தினர். தோட்ட முதலாளிகளோ செலவை எண்ணித் தயங்கினர். பேதி கொடுப்பது மலிவு. மலசலகூடம் கட்டுவது செலவு. இந்தக் கணக்கு கொக்கிப்புழுவோடு முடிந்துவிடவில்லை. ஒதுங்க இடமில்லாத பிள்ளை அடக்கிக்கொள்ளத்தானே பழகும்?

இனி நிலாவாரைக்கு வருவோம். திருநெல்வேலிச் சீமையின் செம்மண்ணில் விளைந்த இந்த இலை, ‘டின்னவெல்லி சென்னா’ என்ற பெயரில் உலகச் சந்தைக்குக் கப்பலேறியது. அதே சீமையிலிருந்தும் மதுரை, திருச்சி, சேலம் பகுதிகளிலிருந்தும் கங்காணிகள் திரட்டிய மக்கள் கண்டி மலைகளுக்குக் கால்நடையாக வந்தனர். இலையும் ஏற்றுமதி, மனிதரும் ஏற்றுமதி! மேல்நாட்டில் நிலாவாரை புட்டிகளில் அடைக்கப்பட்டுப் புதுப்பெயர் பூண்டது. அமெரிக்காவில் ‘அத்திப்பழப் பாகு’ என்று குழந்தைகளுக்காக விளம்பரம் செய்து விற்ற மருந்தில் உண்மையில் வேலை செய்தது அத்தியன்று, நிலாவாரையே. 1903இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அப்பெயர் மக்களை ஏமாற்றுவது என்று கூறி, அதற்குப் பாதுகாப்பளிக்க மறுத்தது. ஏமாற்று இவ்வளவில் நின்றிருந்தாலும் பொறுக்கலாம். பேதிக்கும் பல் முளைப்பதற்கும் என்று விற்கப்பட்ட ‘கலோமெல்’ பொடியில் இருந்தது பாதரசம். அது குழந்தைகளின் கைகால் சிவந்து வாடும் கொடிய நோய்க்குக் காரணமென 1948இல் சுட்டிக்காட்டப்பட்டது. பிரித்தானியாவில் அப்பொடிகள் 1954இல்தான் விலக்கப்பட்டன.

மருந்தின் பெயரை வணிகனிடமிருந்து மீட்கவேண்டும் என்று நம் நாட்டில் எழுந்த குரல் பேராசிரியர் சேனக பிபிலேயுடையது. கண்டி திரித்துவக் கல்லூரியில் பயின்றவர், மருந்தியல் பேராசிரியர், பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக இருந்தவர், சமசமாஜக் கட்சியைச் சார்ந்தவர். 1971இல் கம்யூனிஸ்ட் தலைவர் டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து அவர் அளித்த அறிக்கையின் சாரம் எளிது: தேவையான மருந்துகளை மட்டும் தேர்க, வணிகப் பெயரை விட்டு இயற்பெயரால் வாங்குக, உலகெங்கும் விலை கேட்டு அரசே மொத்தமாக இறக்குக. அவ்வாறே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. ஈராயிரத்துக்கு மேற்பட்டிருந்த மருந்துப் பட்டியல் அறுநூறு அளவுக்குச் சுருங்கியது. பெயர் குறைந்ததேயன்றி மருந்து குறையவில்லை. மாதக்கணக்கில் மருந்துண்ண வேண்டிய ஏழைக் குழந்தைக்கு இதைவிடப் பெரிய மருத்துவம் ஏது?

1977இல் ஆட்சி மாறியது. திறந்த சந்தை வந்தது. இறக்குமதி மீண்டும் தனியார் கைகளுக்கு விரிந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் பிபிலே கயானாவில் காலமானார். அதே ஆண்டில்தான் உலக சுகாதார நிறுவனம் தன் முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. நிலாவாரைக்கு அந்நிறுவனத்தின் பட்டியலில் இன்றும் இடமுண்டு.

அறிவியல் நிற்கவில்லை. 2014இல் ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கூடி வகுத்த நெறி, குடலில் நீரைத் தக்கவைத்து மலத்தை இளக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கோலை முதல் மருந்தாகவும், அது கிடையாதவிடத்து லாக்டுலோசையும் விதித்தது. குறைந்தது இரண்டு மாதம் மருந்து. குணமான பின்னும் ஒரு மாதம் பொறுத்து, சிறிது சிறிதாகக் குறைத்தல். இரண்டுமே காப்புரிமைக் காவலில் உள்ள அரிய மருந்துகள் அல்ல. எனினும் தொடர்ந்து கிடைக்கவேண்டுமே! 2022 மார்ச்சில் நாடு அந்நியச் செலாவணியின்றித் தவித்தபோது, பேராதனைப் போதனா வைத்தியசாலையிலேயே மருந்தின்மையால் திட்டமிட்ட அறுவைச் சிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. பிபிலே பணிபுரிந்த அதே பேராதனை!

2010இல் வெளியான ஓர் ஆய்வு, இலங்கையில் 10 முதல் 16 வயது வரையுள்ள பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 15 பேர் மலச்சிக்கலால் துன்புறுவதைக் காட்டிற்று. போர் தொட்ட பகுதிகளில் அத்தொகை இன்னும் அதிகம். அச்சமும் குடலில் தங்கும் போலும்.

ஆசிரிய நண்பர்களே, நம் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தால் அவர்களுள் ஐந்தாறு பேர் வாய்திறவாமல் இத்துன்பத்தைச் சுமக்கக்கூடும். எழுந்து அனுமதி கேட்கும் பிள்ளையை உட்காரச் சொல்லாதிருப்பது நம் கையில் உள்ளது. தாழ்ப்பாளும் தண்ணீருமுள்ள மலசலகூடத்தைப் பள்ளிக்கும் லயத்துக்கும் கேட்டுப் பெறுவது நம் கூட்டுக் கடமை. மலிவான மருந்து தடையின்றி மருந்தகத்தில் இருக்கச் செய்வது அரசின் கடமை. அதனை அரசுக்கு நினைவூட்டுவது மக்களின் கடமை. ஒரு நாள் பேதியால் குழந்தையின் நோயும் தீராது, நாட்டின் நோயும் தீராது.