நிற்பவருக்கு ஓர் இருக்கை

மாலை வேளையில் புதுக்கோட்டைக் கீழராச வீதியில் நடந்தால் துணிக்கடைகளின் விளக்கொளி கண்ணைப் பறிக்கும். வாங்க வருவோர்க்கு மெத்தை இருக்கை. கல்லாவில் அமர்வோர்க்கு நாற்காலி. புடவைகளை விரித்தும் மடித்தும் பொழுதெல்லாம் உழைக்கும் பெண்ணுக்கோ தரை, அதுவும் நிற்பதற்கு மட்டும்! இப்படிப்பட்ட கடைகள் எத்தனையோ உண்டு. நம்மிடம் பயின்ற மாணவி ஒருத்தி அத்தகைய கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். வகுப்பில் தண்டனையாக நின்றது சிறிது நேரம், இங்கே சம்பளத்துக்காக நிற்பது நாள் முழுவதும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

தோழர்களே, நம் நாட்டில் உட்காருவது வெறும் உடலின் செயலன்று. யார் முன்னே யார் அமரலாம் என்பதைப் பிறப்பைக் கொண்டு விதித்த சமுதாயம் இது. ஒருவர் திண்ணையில், ஒருவர் தெருவில். ஒருவர் பலகையில், ஒருவர் வெறுந்தரையில். சாதி கற்பித்த அந்தப் பாடத்தைத்தான் இன்று பணம் கடைக்குள்ளே ஒப்பிக்கிறது. வலிப்பது கால் மட்டுமன்று, மானமும்தான்.

உரிமை என்பது தானாக வந்து கதவைத் தட்டியதாக வரலாறு இல்லை. 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்தது. திரு.வி.க. அதற்குத் துணை நின்றார். ஆலை முதலாளிகள் நீதிமன்றத்தை நாடிச் சங்கத்தின் கையைக் கட்டினர். சங்கம் அமைப்பதைச் சட்டம் ஏற்க 1926 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1947-இல் சென்னை மாகாணக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் பிறந்தது. நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி, வாரம் ஒரு நாள் விடுமுறை என்று அது வரையறுத்தது. அன்று நம் புதுக்கோட்டை தொண்டைமான்களின் சமஸ்தானம். 1948 மார்ச்சு 3 அன்று இந்திய ஒன்றியத்தோடு இணைந்த பிறகே மாகாணச் சட்டங்கள் நம் வீதிகளை எட்டின.

நேரத்தை அளந்த அச்சட்டம் நாற்காலியை மறந்தது! மறு ஆண்டே வந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமோ, நின்று வேலை செய்வோர்க்கு இருக்கை வேண்டும் என்று 44-ஆம் பிரிவில் கூறியது. ஆலைத் தொழிலாளிக்கு வலிக்கும் கால், கடைத் தொழிலாளிக்கு வலிக்காதா? இந்த எளிய கேள்விக்கு விடை கிடைக்க எழுபத்து மூன்று ஆண்டுகள் ஆயின.

விடைக்கு வழி திறந்தவர்கள் அண்டை மாநிலப் பெண்கள். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் தையல் தொழிலாளி விஜியும் அவருடைய 'பெண்கூட்டு' அமைப்பும் உட்காரும் உரிமைக்காகக் குரல் எழுப்பினர். 2018-இல் கேரளம் தன் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 22-அ என்னும் பிரிவைச் சேர்த்தது. ஊழியர் அனைவருக்கும் தக்க இருக்கை வேண்டும். பணியிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் அமரலாம் என்பது அதன் கருத்து. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டங்களில் தொழிற்சாலைச் சட்டம் கரைந்துவிட்டது. ஆயினும் நிற்போர்க்கு இருக்கை என்னும் விதி அங்கும் உயிரோடு இருக்கிறது.

சட்டம் வந்துவிட்டதே, இனி என்ன கவலை என்பர் சிலர். ஏட்டில் எழுதிய நாற்காலியில் யாரும் அமர முடியாது! மூலையில் ஒரு முக்காலியைப் போட்டுவிட்டு, அதில் அமர்ந்தவளை முறைத்துப் பார்த்தால் சட்டம் அங்கேயே செத்துவிடும். 'வேலை போய்விடும்' என்ற அச்சம், எந்தப் பிரிவையும்விட வலிமை உடையது. அவ்வச்சத்தைத் தனியொருத்தியால் வெல்ல முடியாது. சங்கத்தால் முடியும், நம்மாலும் முடியும்.

பொங்கலுக்குத் துணி எடுக்கப் போகும் தோழனே, விலையைக் கேட்குமுன் ஒன்று கேள்: "இந்தத் தங்கை உட்கார நாற்காலி எங்கே?" நீ மட்டும் கேட்டால் முதலாளி சிரிப்பார். நூறு பேர் கேட்டால் நாற்காலி வரும்.